கீழே இருக்கும் எண்

போன வருடம் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்த அன்றுதான் பார்த்தேன், 791ஆக இருந்த என் சிபில் ஸ்கோர் 738 என்று காட்டியது. எந்தத் தவணையும் நான் தவறவிடவில்லை. புதிதாகக் கடன் எதுவும் வாங்கவில்லை. முந்தைய மாதத்தைவிட ஒரு ரூபாய்கூட அதிகம் செலவழிக்கவில்லை. வங்கிக்கு போன் போட்டேன். அந்தப் பக்கம் இருந்த பெண் பொறுமையாகச் சொன்னார்: "உங்க கார்டு லிமிட்ட குறைச்சிருக்காங்க சார். மெசேஜ் வந்திருக்குமே."

வந்துதான் இருந்தது. ஓடிபிகளுக்கும் பீட்சா தள்ளுபடிகளுக்கும் நடுவே, மூன்று வாரம் முன்பு. 2,50,000 ரூபாயாக இருந்த லிமிட் 80,000 ஆகியிருந்தது. காரணம் சொல்லப்படவில்லை. நான் வேலை பார்த்த துறையில் அப்போது ஆட்குறைப்பு நடந்துகொண்டிருந்தது. அதுதான் காரணமா என்று கேட்டதற்கு, "சிஸ்டம் டிசிஷன் சார்" என்றார்.

கணக்கு எளிது. மாதம் 60,000 ரூபாய் கார்டில் செலவு செய்வேன், கெடு தேதிக்குள் முழுசாகக் கட்டிவிடுவேன். பழைய லிமிட்டில் அது 24 சதவிகிதம். புதிய லிமிட்டில் 75. கிரெடிட் யூட்டிலைசேஷன் என்று சொல்கிறார்களே, அது இந்தப் பின்னம்தான். ஆறாம் வகுப்பில் படித்த மாதிரி, மேலே தொகுதி, கீழே பகுதி. மேலே இருக்கும் எண்ணை நான் தீர்மானிக்கிறேன். கீழே இருக்கும் எண்ணை வங்கி தீர்மானிக்கிறது. விடை மட்டும் என் பெயரில் வருகிறது.

என் தொழிலில் 'கிட் ப்ளேம்' என்று ஒரு கட்டளை உண்டு. நிரலில் ஒரு வரி சரியில்லை என்றால், அந்த வரியை எழுதியது யார், எப்போது என்று காட்டிக்கொடுக்கும். பெயர்தான் பழி போடுவது. பெரும்பாலும் அந்த வரி அங்கே வந்ததற்கு ஒரு நியாயம் இருப்பதைத்தான் கண்டுபிடிப்போம். இந்த வகுத்தல் கோட்டை முதலில் போட்டது யார் என்று தேடிப் போனேன். தேடல் 1841ல் போய் நின்றது.

*

லூயிஸ் டப்பன் நியூயார்க்கில் தன் அண்ணன் ஆர்தருடன் பட்டு வியாபாரம் செய்தவர். அடிமை முறை ஒழிப்புக்காக இரண்டு பேரும் பணத்தையும் பெயரையும் செலவழித்தவர்கள். அமிஸ்டாட் கப்பலில் பிடிபட்ட ஆப்பிரிக்கர்களை விடுவிக்க நடந்த வழக்குக்குப் பின்னால் நின்றவர்களில் லூயிஸ் முக்கியமானவர். 1837ல் அமெரிக்காவில் வந்த பொருளாதார நெருக்கடி அவர்கள் கடையைச் சாய்த்தது. கடனுக்குச் சரக்கு எடுத்துப் போன ஊர்ப்புறத்து வியாபாரிகளிடமிருந்து பணம் திரும்பவில்லை.

அந்த அடியிலிருந்து லூயிஸ் டப்பன் ஒரு தொழிலைக் கண்டுபிடித்தார். எந்த ஊரில் எந்த வியாபாரி நம்பத்தக்கவன் என்ற தகவலையே விற்பது. 1841ல் தொடங்கிய 'மெர்கன்டைல் ஏஜென்சி' ஊர் ஊராக நிருபர்களை வைத்துக்கொண்டது, பெரும்பாலும் உள்ளூர் வழக்கறிஞர்கள். ஆபிரகாம் லிங்கனும் அவர்களில் ஒருவராக இருந்திருக்கிறார். அவர்கள் அனுப்பிய குறிப்புகள் பெரிய பேரேடுகளில் ஏறின. இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட அந்தப் பேரேடுகள் இன்று ஹார்வர்டின் பேக்கர் நூலகத்தில் இருக்கின்றன. சொத்து எவ்வளவு என்பதோடு, குடிப்பானா, குடும்பம் எப்படி, நாணயம் எப்படி என்பதும் அதில் வரும். நம்ம ஊரில் பெண் கொடுப்பதற்கு முன் விசாரிப்பார்களே, கிட்டத்தட்ட அது.

1864 வாக்கில் இந்த விசாரணை குறியீடாகச் சுருங்கியது. டப்பனுக்குப் பின் நிறுவனத்தை நடத்திய ஆர். ஜி. டன், வியாபாரிகளின் பண பலத்துக்கு ஒரு குறி, பொதுவான நாணயத்துக்கு ஒரு குறி என்று தனித்தனியாகத் தரம் போட்டுப் புத்தகமாக வெளியிட்டார். ஒரு மனிதனைப் பற்றிய ஊர்ப்பேச்சு ஓர் அட்டவணையின் கட்டத்துக்குள் உட்கார்ந்தது. ஆனால் அதெல்லாம் வியாபாரிகளுக்கு. வீட்டுக்கு அரிசி வாங்குகிறவரை யாரும் இன்னும் எண்ணாக்கவில்லை.

*

அதைச் செய்தது ஒரு மளிகைக் கணக்கு. அமெரிக்காவின் தெற்கில், சட்டனூகாவில், மளிகை வியாபாரிகள் சங்கத்துக்காகக் கேட்டர் வுல்ஃபோர்ட் என்பவர் வாடிக்கையாளர் பட்டியல் ஒன்றைத் தயாரித்தார். அது நன்றாகப் போகவே, 1899ல் தம்பி கை வுல்ஃபோர்டுடன் அட்லாண்டாவில் 'ரீடெய்ல் கிரெடிட் கம்பெனி'யைத் தொடங்கினார். கடை கடையாகப் போய் யார் எப்படிக் கட்டுகிறார்கள் என்று கேட்டு எழுதினார்கள். நேரத்துக்குக் கட்டுபவர், தாமதிப்பவர், ரொக்கம் வாங்கிக்கொண்டுதான் கொடுக்க வேண்டும், இப்படி மூன்றே வகை. அந்த நிறுவனம்தான் 1975ல் ஈக்விஃபேக்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் கடை ஞாபகம் வந்தது. சாத்தூர் பக்கம் அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். கல்லாவுக்கு மேலே ஆணியில் பற்று நோட்டு தொங்கும். தீப்பெட்டி ஆலைகளுக்குப் போகிற பெண்கள்தான் நோட்டில் அதிகம். சனிக்கிழமை சம்பளம், சனிக்கிழமை சாயந்திரம் கணக்கு. ஒவ்வொரு வீட்டுக்கும் எவ்வளவு வரை கொடுக்கலாம் என்று அப்பாவுக்கு ஒரு அளவு உண்டு. நோட்டில் இருக்காது, தலைக்குள் இருக்கும். ஒரு வாரம் ஒருவருடைய பற்று வழக்கத்தைவிட ஏறினால் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கேட்பார், "என்னக்கா, வீட்ல யாருக்கும் மேலுக்குச் சரியில்லையா?"

யூட்டிலைசேஷன் என்ற சொல்லை அப்பா கேள்விப்பட்டதில்லை. ஆனால் அது சொல்கிற சேதி அவருக்குத் தெரியும். அளவை நெருங்குகிறவர் ஏதோ நெருக்கடியில் இருக்கலாம். இந்த வாரம் இல்லாவிட்டாலும் அடுத்த மாதம் பாக்கி விழலாம். வங்கிகளின் புள்ளிவிவரம் சொல்வதும் இதைத்தான். அந்த விகிதம் ஏறுகிறவர்கள் தவறும் வாய்ப்பு அதிகம் என்பது கட்டுக்கதை அல்ல.

*

மளிகைப் பற்று வாரம் வாரம் முடியும். தையல் மெஷினைத் தவணையில் வாங்கினால் அந்தக் கடனுக்கு ஒரு முடிவு உண்டு. எடுத்த தொகை நாளுக்கு நாள் குறையும். அங்கே 'எவ்வளவு பயன்படுத்தினாய்' என்ற கேள்விக்கே இடம் இல்லை. எடுக்காமல் விட்ட கடன் என்ற விநோதமான பொருள் உருவான பிறகுதான் அந்தக் கேள்வி பிறக்க முடியும்.

அந்தப் பொருள் 1958 செப்டம்பரில் கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ நகரில் தபாலில் வந்தது. பேங்க் ஆஃப் அமெரிக்கா அங்கே சுமார் 60,000 பேருக்கு, யாரும் கேட்காமலே, கிரெடிட் கார்டுகளை அனுப்பியது. கார்டைப் பொறுத்து 300 முதல் 500 டாலர் வரை லிமிட். மாதக் கடைசியில் முழுசாகக் கட்டலாம். இல்லையென்றால் கொஞ்சம் கட்டிவிட்டு மீதியை வட்டியோடு உருட்டலாம். கட்டக் கட்ட லிமிட் மறுபடி திறந்துகொள்ளும். நூறில் நான்கு கணக்குகள் தாமதிக்கும் என்று வங்கி எதிர்பார்த்தது. 22 கணக்குகள் தாமதித்தன. அந்த வங்கி கைவிடவில்லை. அந்தக் கார்டுதான் பின்னாளில் விசா. கேட்காமல் கார்டு அனுப்புவதை அமெரிக்கா 1970ல் சட்டம் போட்டு நிறுத்தியது.

ஃப்ரெஸ்னோவுக்குப் பிறகு ஒவ்வொரு வீட்டுப் பர்ஸிலும் இரண்டு எண்கள் வந்துவிட்டன. எடுத்தது ஒன்று, எடுத்திருக்கக்கூடியது இன்னொன்று. பின்னம் போடத் தேவையானது கிடைத்துவிட்டது. போடுவதற்கு ஆள்தான் வேண்டும்.

ஆள் ஏற்கெனவே இருந்தார்கள். பில் ஃபேர் ஒரு பொறியாளர், எர்ல் ஐசக் ஒரு கணிதவியலாளர். ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் பழக்கம். 1956ல் ஆளுக்கு 400 டாலர் போட்டு நிறுவனம் தொடங்கினார்கள். கடன் கேட்டு வருபவரைப் புள்ளிவிவரத்தால் எடைபோட முடியும் என்று விளக்க வாய்ப்பு கேட்டு, 1958ல் ஐம்பது பெரிய கடன் நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதினார்கள். ஒன்றே ஒன்று பதில் போட்டது. ஸ்டார்ட்-அப் கதைகளில் மயங்குகிற வயதில் நான் இதைப் படித்திருந்தால் கைதட்டியிருப்பேன். இன்றைக்கும் பாதி கைதட்டத் தோன்றுகிறது. அதற்குக் காரணம் இருக்கிறது.

அன்றைய மேலாளர் முன்னால் போய் உட்காரும் ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். அவளுக்குச் சம்பளம் இருக்கிறது. ஆனாலும் கணவனின் கையெழுத்து கேட்பார்கள், கல்யாணம் ஆகாதவள் என்றால் அதையே காரணமாக்குவார்கள். கறுப்பினத்தவர் என்றால் எந்தத் தெரு என்பதே போதும். ரீடெய்ல் கிரெடிட் கம்பெனியின் கோப்புகளில் குடி, படுக்கையறை வதந்திகள் வரை இருந்தது தெரியவந்த பிறகுதான் 1970ல் ஃபேர் கிரெடிட் ரிப்போர்ட்டிங் சட்டம் வந்தது. தன் கோப்பில் என்ன இருக்கிறது என்று அறியும் உரிமை மக்களுக்குக் கிடைத்தது. 1974ல் வந்த சட்டம் பாலினத்தையும் திருமண நிலையையும் வைத்துக் கடன் மறுக்கக் கூடாது என்றது. 1976ல் இனம், மதம், பூர்வீக நாடு, வயது எல்லாம் அந்தத் தடைப் பட்டியலில் சேர்ந்தன.

மேலாளரின் மனதில் இருப்பதை நீதிமன்றத்தில் நிரூபிக்க முடியாது. புள்ளிகள் போட்ட தாளை எடுத்துக் காட்ட முடியும். அதனால் வங்கிகள் ஃபேர் ஐசக் பக்கம் சாய்ந்தன. 1989ல் எல்லாக் கடன்காரர்களுக்கும் பொதுவான ஃபைகோ ஸ்கோர் வந்தது, 300 முதல் 850 வரை. 1995ல் ஃபேனி மே, ஃப்ரெடி மேக் என்ற இரு பெரும் வீட்டுக்கடன் நிறுவனங்கள் அதைப் பரிந்துரைத்த பிறகு, வீடு வாங்க நினைக்கும் அமெரிக்கர் அந்த எண்ணைத் தாண்டிப் போக முடியாமல் ஆனது. சாதாரண ஆள் காசு கொடுத்தாவது தன் எண்ணைப் பார்க்க வழி பிறந்தது 2001ல்தான்.

இந்த ஸ்கோரில் பாலினம் இல்லை, தெரு இல்லை, சம்பளம்கூட இல்லை. கோப்பில் மிச்சம் இருந்தவை கட்டிய வரலாறு, கடனின் அளவு, கணக்கின் வயது போன்றவைதான். ஃபைகோ வெளியிட்ட பங்கீட்டின்படி கட்டிய வரலாற்றுக்கு 35 சதவிகிதம். அதற்கு அடுத்து, கடன்பட்ட அளவுக்கு 30. நம்முடைய பின்னம் பெரும்பாலும் இந்த 30க்குள்தான் உட்கார்ந்திருக்கிறது.

*

இனி அந்தப் பின்னத்தின் குணங்களைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கார்டு வைத்திருக்கிற எல்லோருக்கும் உதவும்.

முதல் குணம், அது உங்கள் வாழ்க்கையைப் பார்ப்பதில்லை, ஒரு போட்டோவைத்தான் பார்க்கிறது. வங்கி பெரும்பாலும் பில் தேதியன்று இருக்கும் பாக்கியைத்தான் அனுப்புகிறது. கெடு தேதியில் முழுசாகக் கட்டுகிறவரும் அந்தப் போட்டோவில் கடன்காரராகத்தான் தெரிவார். பில் போடுவதற்கு முன்னாலேயே கட்டிவிட்டால் போட்டோ மாறும், அவ்ளோதான்.

இரண்டாவது, 30 சதவிகிதத்தில் சுவர் எதுவும் கிடையாது. எல்லாரும் சொல்கிற அந்த 30 ஒரு ஞாபகக் கணக்கு மட்டும்தான். விகிதம் ஏற ஏற மதிப்பெண் இறங்கும். மிக உயர்ந்த ஸ்கோர் வைத்திருப்பவர்கள் பத்துக்கும் கீழேதான் இருக்கிறார்கள். பயன்படுத்தாத பழைய கார்டை மூடினால் நல்ல பிள்ளை ஆகிவிடுவோம் என்று நினைப்போம். மூடினால் பகுதி சுருங்கும், விகிதம் ஏறும்.

மூன்றாவது, பழைய ஃபைகோ கணக்குகளுக்கு இந்த விஷயத்தில் ஞாபகம் இல்லை. போன மாதம் 90, இந்த மாதம் 10 என்றால் 10தான். 2020ல் அறிவிக்கப்பட்ட ஃபைகோ 10டி போன்ற புதிய கணக்குகள்தான் கடந்த 24 மாதப் போக்கையும் பார்க்கின்றன.

நான்காவது குணம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. பகுதி காணாமல் போனாலும் கணக்கு நடக்கும். 2000களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஒரு பெரிய கார்டு நிறுவனம் தன் வாடிக்கையாளர்களின் லிமிட்டைத் தகவல் நிறுவனங்களுக்குச் சொல்லவே இல்லை. சொன்னால் நல்ல வாடிக்கையாளர்களைப் போட்டியாளர்கள் அடையாளம் கண்டு கொத்திக்கொண்டு போவார்களே. லிமிட் இல்லாத இடத்தில் கணக்கு என்ன செய்தது? அவர் இதுவரை வைத்த அதிகபட்ச பாக்கியையே லிமிட்டாக எடுத்துக்கொண்டது. 5,000 டாலர் லிமிட்டில் 400 டாலரைத் தாண்டாமல் சிக்கனமாக இருந்தவர், எல்லையை முட்டி நிற்பவராகத் தெரிந்தார். என் குழுவில் யாராவது இப்படி ஒரு வரி எழுதினால் ரெவ்யூவில் திருப்பி அனுப்பியிருப்பேன். பிறகு யோசித்தேன். வெள்ளிக்கிழமை சாயந்திரம் கெடு என்றால் நானே எழுதியிருப்பேன்.

2008 நெருக்கடியின்போது அமெரிக்க வங்கிகள் பயந்துபோய் லட்சக்கணக்கானோரின் லிமிட்டை வெட்டின. ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருந்தவர்களும் அதில் இருந்தார்கள். லிமிட் குறைந்தால் விகிதம் ஏறும், விகிதம் ஏறினால் ஸ்கோர் இறங்கும், ஸ்கோர் இறங்கியதைப் பார்த்து அடுத்த வங்கி பயப்படும். பயந்தது வங்கி. ஆனால் அந்தப் பயம் வாடிக்கையாளரின் குணமாகப் பதிவானது.

*

இந்தியாவில் சிபில் 2000ல் தொடங்கப்பட்டது. கடன் தகவல் நிறுவனங்களுக்கான சட்டம் 2005ல் வந்தது. 2017 முதல் ஒவ்வொரு நிறுவனமும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். 2025 ஜனவரியில் வங்கிகள் பதினைந்து நாளுக்கு ஒருமுறை தகவலைப் புதுப்பிக்க வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. இங்கே அளவுகோல் 300 முதல் 900 வரை. சூத்திரம் வெளியே முழுசாகத் தெரியாது, ஆனால் லிமிட்டை ஒட்டிச் செலவழித்தால் ஸ்கோர் பாதிக்கும் என்பதை அவர்களே சொல்கிறார்கள்.

கார்டுகள் பற்றி ரிசர்வ் வங்கி 2022ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளை ஓர் இரவு உட்கார்ந்து படித்தேன். வாடிக்கையாளரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் லிமிட்டை ஏற்றக் கூடாது. நல்ல விதி. குறைப்பதற்கு? தெரிவித்தால் போதும். ஏற்ற என் சம்மதம் வேண்டும், இறக்க ஒரு மெசேஜ் போதும். நம்மைக் கடனில் தள்ளிவிடாமல் காக்க எழுதிய விதி அது. அதை எழுதிய நேரத்தில் லிமிட்டைக் கொடுக்கப்படும் ஒரு வசதியாகப் பார்த்திருக்க வேண்டும். அது நம் மதிப்பெண்ணின் ஒரு பகுதியாகவும் இருக்கிறது என்பது அந்த வரியில் இல்லை.

என் கதை சுபம்தான். இரண்டு மாதம் பில் தேதிக்கு முன்பே கட்டினேன், ஸ்கோர் ஏறியது, கடன் கிடைத்தது. எனக்கு அதைச் செய்ய சேமிப்பில் பணம் இருந்தது. 20,000 ரூபாய் லிமிட்டோடு முதல் கார்டு வாங்கிய ஒரு டெலிவரி ஊழியர், குழந்தையின் பள்ளிக் கட்டணம் 15,000 கட்டினால் 75 சதவிகிதம். மூன்று லட்சம் லிமிட் உள்ள என் மேனேஜர் அதே 15,000 கட்டினால் 5 சதவிகிதம். ஒரே பள்ளி, ஒரே ரசீது. ஸ்கோரில் சம்பளம் இல்லை என்று மேலே எழுதினேன். நேராக இல்லைதான். லிமிட்டைச் சம்பளத்தைப் பார்த்துத்தானே கொடுக்கிறார்கள், அதனால் பகுதிக்குள் ஒளிந்துகொண்டு வருகிறது.

இந்த இடத்தில் அப்பாவின் நோட்டைத் தூக்கிப் பிடித்துக் கட்டுரையை முடிக்கலாம் என்று முதலில் நினைத்திருந்தேன். அவர் கேட்டார், மெஷின் கேட்கவில்லை என்று. ஆனால் அந்த நோட்டில் காலனிக்காரர்கள் ஒருவர்கூடக் கிடையாது. அவர்கள் காசைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்கள், எண்ணிக் கொடுத்துவிட்டு வாங்கிப் போவார்கள். பதின்மூன்று வயதில் ஒருமுறை ஏன் என்று கேட்டேன். "அவங்க எங்க வேல பாக்காங்க, என்னன்னு நமக்குத் தெரியாதுப்பா" என்றார். நோட்டில் இருந்த அக்காக்களோடு அதே ஆலையில், அதே சனிக்கிழமைச் சம்பளத்துக்குத்தான் வேலை பார்த்தார்கள். அப்பாவுக்கும் தெரியும்.

கடன் கிடைத்த பிறகு ஊருக்குப் போனபோது அவருடைய ஸ்கோரையும் எடுத்துப் பார்த்தேன். வாழ்நாளில் வங்கிக் கடன் வாங்காதவர், கார்டு வைத்திருக்காதவர். எண்ணே வரவில்லை, கடன் வரலாறு இல்லை என்று வந்தது. பூஜ்ஜியத்தின் கீழ் பூஜ்ஜியம். கணினியில் அந்த வகுத்தலுக்கு விடை கிடையாது.

"ஏம்ப்பா, கடனே வாங்காதவனுக்கு மார்க்கு கெடையாதா?" என்று சிரித்தார். லிமிட், விகிதம், பில் தேதி எல்லாவற்றையும் விளக்கினேன். பெயர், தெரு எதையும் அந்தக் கணக்கு பார்ப்பதில்லை என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

"அப்ப அந்த மெஷினு காலனிக்காரங்களுக்கும் குடுக்குமா?"

"குடுக்கும்ப்பா. கம்மியாக் குடுக்கும்."

"கம்மியாக் குடுத்துட்டு, நெறைய எடுத்துட்டேன்னு சொல்லும். அப்படித்தான?"

ஆமாம் என்றேன்.